யானைப் பாட்டை எந்த ஃபார்மட்டில் வைப்பது?

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.

இந்த இடத்தில் வாரா வாரம் நான் எழுதுவது எதுவும் பெரிய விஷயம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். டவுன் பஸ்ஸில் நடந்தது, ரேஷன் கடையில் நடந்தது, கல்யாணப் பந்தியில் நடந்தது... அதோடு சரி. பிளஸ் டூ படித்துவிட்டு, பம்புசெட் தயாரிக்கும் பட்டறை ஒன்றில் இருபத்தாறு வருடமாக ஸ்டோர் கீப்பராக இருப்பவன் நான். கம்ப்யூட்டரில் பாட்டை எப்படிச் சேமித்து வைப்பது என்று நான் எழுத உட்கார்ந்தால் விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொள்ளட்டும். போன வாரம் பதினோரு பெண்கள் சிரித்தாயிற்று. இனி எத்தனை பேர் சிரித்தால் என்ன?

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி சாந்தாமணிக்கு வள்ளி கும்மி அரங்கேற்றம்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வரி. வள்ளி பிறந்ததில் தொடங்கி முருகனைக் கட்டிக்கொள்வது வரை ஆசிரியர் பாட்டாகவே கதை சொல்வார். ஒரே நிறத்தில் சேலை கட்டிய பெண்கள் வரிசையாக நின்று கைதட்டி, குனிந்து, சுற்றி ஆடுவார்கள். கூட்டமாக ஆடுவது என்பதால் ஒருவர் தப்பாகத் திரும்பினாலும் போச்சு. பக்கத்தில் இருப்பவர் மூக்கில் முழங்கை.

சாந்தாமணிக்கு வயது நாற்பத்தெட்டு. எந்த விசேஷ வீட்டுப் போட்டோவைப் பார்த்தாலும் ஓரத்தில் பாதி முகத்தோடு நிற்பாள். மீதிப் பாதி முகத்தோடு அவளுக்குப் பின்னால் நான் நிற்பேன். அப்படிப்பட்டவளுக்குக் கும்மியில் முன் வரிசை கிடைத்திருந்தது! ஆனைமலையில் இருக்கும் அவள் சித்தி வரைக்கும் போன் போட்டு, "முன்னாடி நிக்கறனுங்க, வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டாள்.

சிக்கல் பதினோராவது பாட்டில். யானை வந்து வள்ளியைப் பயமுறுத்தும் இடம். தாளம் சட்டென்று வேகமெடுக்கும். அந்த நொடியில் எல்லோரும் வலது பக்கம் திரும்ப வேண்டும். சாந்தாமணி இடது பக்கம் திரும்புவாள். ஒரு தடவைகூடத் தவறியது கிடையாது.

இந்த நேரம் பார்த்து ஆசிரியருக்குத் தொண்டைக் கோளாறு. அரங்கேற்றம் வரை பாடாதீர்கள், பேசவும் பேசாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் வாயை மூடுவதற்கு முந்தின நாள் பதினான்கு பாட்டையும் சாந்தாமணியின் போனில் பதிவாகும்படி ஒரே மூச்சில் பாடிக் கொடுத்தார். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவளிடம் நீட்டினார்.

"யானைப் பாட்டு சரியாகலீன்னா பின் வரிசைங்க அம்மணி."

காகிதத்தில்கூட 'ங்க'! ஒருவரைப் பின்னுக்குத் தள்ளுவதைக்கூட எங்கள் ஊரில் இப்படித்தான் செய்வோம்.

மறுநாள் வழக்கமாகப் பழகும் மைதானம் மழைச்சேறாகிக் கிடந்ததால், எங்கள் பகுதிப் பெண்கள் பதினோரு பேர் போத்தனூரில் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குப் பயிற்சிக்கு வந்துவிட்டார்கள். டேங்கில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க நான் அங்கே ஏறியிருந்தேன். இறங்க வேண்டும் என்றால் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். கூச்சமாக இருந்தது. டேங்குக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன்.

போனில் பாட்டு வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. யானைப் பாட்டு வந்தபோது யாரோ சொன்னார்கள்.

"ஏனுங்க்கா, இதையெல்லாம் வாட்ஸப்புல போட்டு உடுங்க. ஊட்டுல ஆடிப் பாத்துக்கறோம்."

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது? இன்றுவரை தெரியவில்லை. டேங்குக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

"வாட்ஸப்புல அனுப்பாதீங்க. குவாலிட்டி போயிரும். நான் ஊட்டுலயே சர்வர் வெச்சு ஸ்ட்ரீமிங் பண்ணித் தாரனுங்க."

பெண்கள் கூட்டத்துக்கு நடுவே நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. சாந்தாமணி திரும்பி என்னை ஒரு முறை முறைத்தாள். அந்த முறைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்... பின்னால் வேலை இருக்கிறது.

நான் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. சாந்தாமணியின் போனில் மூச்சுவிட இடமில்லை. காலை வணக்கப் படங்கள், குழந்தைக்குக் காது குத்தின வீடியோ, யாரென்றே தெரியாதவர்கள் வீட்டுக் கோலம். 'ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது' என்று தினமும் மெசேஜ் வரும். சேமித்து வைப்பது என் தொழில். பட்டறையில் எந்த நட்டு எந்த ரேக்கில் இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். பதினான்கு பாட்டு எனக்கு ஒரு கணக்கா?

சாந்தாமணியின் தம்பி பிரகாஷுக்குப் போன் போட்டேன். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன்.

"ரெண்டு டிஸ்க் போடற பெட்டி வாங்குங்க மச்சான். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும். பாட்டெல்லாம் அதுல போட்டுட்டா ஹாலு, மாடி, போனுன்னு எங்க வேணா கேக்கலாமுங்க."

"எந்த ஃபார்மட்டுல போடறது மாப்ள?"

அங்கே பிடித்தது சனி.

எம்பி-த்ரீ, எம்ஃபோர்-ஏ, ஃப்ளாக், வேவ்... கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் வரும் படிப்பு மாதிரி நீண்டுகொண்டே போகிறது. இதில் எது மாப்பிள்ளை வீடு, எது பெண் வீடு என்று யார் சொல்வது? பிரகாஷ், ஃப்ளாக் என்றால் ஒரு பொட்டும் குறையாமல் அப்படியே இருக்கும் என்றான். பெட்டி விற்ற கடைக்காரரோ, "எம்பி-த்ரீ போதுமுங்ணா, காதுக்கு என்ன தெரியப் போகுது?" என்றார். போனில் பதிவானது எம்ஃபோர்-ஏ. அதை எங்கள் ஹால் ஸ்பீக்கர் பாடவே மாட்டேன் என்றது. அதற்கு எம்பி-த்ரீ வேண்டுமாம். இரும்பு ஸ்பீக்கருக்கு இருக்கும் பிடிவாதம் எனக்கு இருந்திருந்தால் வாழ்க்கையில் எங்கேயோ போயிருப்பேன்.

எதற்கு வம்பு? பேச்சில் அடிபட்ட மூன்றிலும் வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் பழைய லேப்டாப்பில் ஃப்ளாக் மாற்றும் வேலை நடந்தது. நடுவில் மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரி செத்து வருடக்கணக்காகிறது. அதுவும் அணைந்தது. சாயங்காலம் கரண்ட் வந்ததும் பார்த்தேன். பதினோரு பாட்டு வந்திருந்தது. பன்னிரண்டிலிருந்து தொடர்ந்தேன்.

பட்டறையில் நான் இப்படிச் செய்ய மாட்டேன். மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட மாட்டேன். பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். வீட்டில் மட்டும் ஏனோ... சரி, விடுங்கள்.

புதன்கிழமை மாடியில் ஸ்ட்ரீமிங் திறப்புவிழா. நான் படிக்கட்டிலேயே நின்றுகொண்டு போனில் பட்டனை அமுக்கினேன். காப்புப் பாட்டு கணீரென்று ஒலித்தது. பெண்கள் ஆடினார்கள். முடிந்தது. மறுபடியும் காப்புப் பாட்டு. சரி, பழகட்டும் என்று ஆடினார்கள். மூன்றாவது தடவையும் காப்புப் பாட்டு.

மூன்று ஃபார்மட். மூன்று தடவை.

அதற்கு அடுத்தது வள்ளி பிறக்கும் பாட்டு வர வேண்டும். வந்தது என்ன? முருகன் கிழவர் வேடத்தில் வந்துவிட்டார். அதாவது பத்தாவது பாட்டு. கம்ப்யூட்டர் ஒன்றுக்கு அடுத்ததாகப் பத்தைத்தான் வைக்குமாம். பத்து, பதினொன்று, பதினான்கு வரை போய்விட்டு, அப்புறம்தான் இரண்டு. எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்ததோ!

கீழே வரைக்கும் பேச்சு கேட்டது.

"ஏனுங்க்கா, வள்ளி இன்னும் பொறக்கவே இல்லீங்களே?"

"இரு கண்ணு, முதல்ல கண்ணாலம் ஆகட்டும். அப்பறமேட்டுக்குப் பொறந்துக்குவா."

"எங்க அண்ணன் சர்வர் வெச்சிருக்காருன்னா சும்மாவா! கதையவே திருப்பிப்போட்டாரு."

சாந்தாமணி மட்டும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் யானைப் பாட்டு வருவதற்கு முன்பே பயிற்சி கலைந்துபோய், அவளுக்கு அதை ஒரு தடவைகூட ஆட முடியாமல் போயிற்று.

அவமானம். பட்டறையில் என் ரேக் எல்லாம் 001, 002 என்றுதான் இருக்கும். வீட்டில் வெறும் ஒன்று, இரண்டு என்று பெயர் வைத்துத் தொலைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் உட்கார்ந்தேன். ஃப்ளாக்தான் உசத்தி என்றானே பிரகாஷ்? அதற்குள் மாடிக்கென்று ஃப்ளாக் பாடும் ஸ்பீக்கரும் வந்திருந்தது. அதை மட்டும் வைத்துக்கொண்டு 01, 02 என்று பெயர் மாற்றினேன். மற்ற இரண்டு ஃபார்மட்டையும் அழித்தேன். சாந்தாமணி குளிக்கப் போயிருந்தாள்; அவள் போனிலிருந்தும் அழித்து, பாவம், இடம் உண்டாக்கிக் கொடுத்தேன். பெட்டியிலும் போனிலும் குப்பைத் தொட்டி என்று ஒன்று இருக்கிறது. அதையும் காலி செய்தேன். ஸ்டோர் கீப்பருக்குச் சுத்தம் முக்கியம் அல்லவா?

அன்று சாயங்காலம் பாட்டுகள் வரிசையாக வந்தன. வள்ளி முறைப்படி பிறந்தாள், தினைக்காட்டுக்குப் போனாள். யானைப் பாட்டும் வந்தது. தாளம் வேகமெடுக்கப் போகும் இடம். சாந்தாமணி கைதட்டக் கையை ஓங்கினாள்.

பாட்டு நின்றது.

ஓங்கின கையோடு அப்படியே நின்றாள்.

"ஏனுங்க... பாட்டு நின்னுபோச்சுங்க!"

"நெட்டு ஸ்லோ அம்மணி" என்றேன், படிக்கட்டிலிருந்து. சொல்லும்போதே நினைவுக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை கரண்ட் போனது பதினோராவது பாட்டின் நடுவில்தான்.

தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டு பிரகாஷுக்குப் போன் போட்டேன்.

"ஒண்ணும் பயமில்ல மாப்ள, ரெண்டு டிஸ்க் இருக்குதில்ல? ஒண்ணுலதான் அழிச்சேன். இன்னொண்ணுலருந்து எப்படி எடுக்கறதுன்னு மட்டும் சொல்லு."



"மச்சான்... அது ரெண்டும் மிரருங்க. கண்ணாடி மாதிரி. இங்க நீங்க மீசைய எடுத்துட்டா, கண்ணாடியில மட்டும் மீசை இருக்குமுங்களா?"

"நீதான ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்னே?"

"டிஸ்க் போனா இருக்குமுங்க. நீங்களே அழிச்சா எப்படி இருக்கும்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்று தெரியாததால் அவன் மேல் காட்டினேன்.

"எல்லாம் உன்னாலதான். வாட்ஸப்புல அனுப்பினா குவாலிட்டி போயிரும்னு சொன்னது நீதான? இல்லீன்னா இந்நேரம் பதினோரு பேர்கிட்ட அந்தப் பாட்டு இருந்திருக்கும்!"

"அது போட்டோவுக்குச் சொன்னதுங்க மச்சான்! பாட்டை டாக்குமெண்ட்டா அனுப்பினா அப்படியே போயிருக்குமுங்க. அதுவும் போன்ல எடுத்ததை எதுக்குங்க ஃப்ளாக் ஆக்கினீங்க? நான் சிடிக்கில்ல சொன்னேன்! அரைப்படி மாவை அண்டாவுல ஊத்தி வெச்சாப்புல. பாத்திரந்தான் பெருசாகும், மாவு அதேதானுங்க."

அன்றே வந்து டிஸ்கைக் கழற்றிக்கொண்டு போனான். மீட்டுப் பார்ப்பானாம். சில நாள் ஆகும், உறுதியில்லை என்றான். சில நாள் எங்கே இருக்கிறது? இடையில் இருப்பது வெள்ளியும் சனியும்தான். ஆசிரியரால் பேச முடியாது. பின் வரிசைக் காகிதம் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறது. ஆனைமலைச் சித்தி பஸ்ஸுக்குத் தயாராகிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை சாந்தாமணியிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துவைத்த துணியை உதறியபடியே கேட்டாள்.

"நான் ஒரு நாள் முன்னாடி நிக்கறது உங்களுக்கு அவ்வளவு கஷ்டமா இருக்குதுங்களா?"

அதற்கு எந்த ஃபார்மட்டில் பதில் இருக்கிறது?

அன்று சாயங்காலம் படிக்கட்டோடு நிற்காமல் நானே மாடிக்கு ஏறினேன். பதினோரு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"யானைப் பாட்டை அழிச்சுப்போட்டனுங்க. நாந்தான். யாருகிட்டயாச்சும் இருந்தா... குடுங்க."

தூரத்தில் ரயில் போனது. அது போய் முடியும் வரை காத்திருந்த மாதிரி, கடைசியில் நின்ற மல்லிகா வாயைத் திறந்தார். அடுத்த தெருவில் இட்லி மாவு ஆட்டி விற்பவர்.

"ஏனுங்ணா... எங்கிட்ட ஒண்ணு இருக்குதுங்க. அன்னிக்கு இங்க பாட்டு ஓடறப்ப என் போன்ல புடிச்சு வெச்சேன், மாவு ஆட்டறப்ப கேக்கலாம்னு. ஆனா..." கொஞ்சம் தயங்கினார். "குவாலிட்டி இருக்காதுங்க."

அப்போது சிரித்த சிரிப்பைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன்.

மல்லிகாவின் போனில் விரிசல் விழாத இடம் குறைவு. பாட்டைப் போட்டார். ஆசிரியரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. நடுவில் குக்கர் விசில். டேங்கில் தண்ணீர் விழும் சத்தம். பாட்டு வேகமெடுக்கும் இடம் நெருங்கியது. மல்லிகா அன்று டேங்குக்குப் பக்கத்தில் நின்றிருந்திருக்கிறார். ஆசிரியரை அமுக்கிக்கொண்டு, எல்லாவற்றையும்விடத் துல்லியமாக, என் குரல்:

"வாட்ஸப்புல அனுப்பாதீங்க. குவாலிட்டி போயிரும்."

டேங்குக்குப் பின்னால் திரும்பப் போய்விடலாமா என்று பார்த்தேன்.

"நான் இதுலதானுங்க தினமும் ஆடிப் பாக்கறேன்" என்றார் மல்லிகா. "அண்ணன் 'குவாலிட்டி'ங்கறப்ப வலது பக்கம் திரும்புனா சரியா இருக்குமுங்க."

வேறு வழி? அதையே ஸ்பீக்கரில் போட்டார்கள். விசில் வந்தது, தண்ணீர் விழுந்தது, தாளம் ஏறியது, என் குரல் வந்தது. சாந்தாமணி திரும்பினாள்.

வலது பக்கம்!

மறுக்கா போட்டார்கள். வலது பக்கம். இன்னொரு தடவை. வலது பக்கமேதான்.

மாயம் ஒன்றுமில்லை. அன்று நான் டேங்குக்குப் பின்னாலிருந்து வந்து நின்றது அவளுக்கு வலது பக்கத்தில். அந்த வார்த்தை காதில் விழுந்தால் முறைக்க வேண்டிய திசை அவள் உடம்புக்கே தெரிந்திருக்கிறது.

பட்டறையில் வெளியே போகாமல் ரேக்கிலேயே கிடக்கும் சரக்குக்கு டெட் ஸ்டாக் என்று பெயர். எவ்வளவு உசத்தியான சரக்காக இருந்தாலும் அதே பெயர்தான். இருபத்தாறு வருடமாக அந்த ரிஜிஸ்டரை எழுதுகிறவனுக்கு இது வீட்டில் உறைக்கவில்லை. ஒரு பொட்டும் குறையாமல் வைக்கிறேன் என்று ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்தேன். விரிசல் விழுந்த போனில், குக்கர் விசிலோடு, அது பாட்டுக்குப் பிழைத்துக் கிடந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு கோயில் மைதானம். நல்ல கூட்டம். வழக்கமாக நான் கடைசியில், சைக்கிள் நிறுத்தும் இடத்தில்தான் நிற்பேன். அன்று ஆட்களை விலக்கிக்கொண்டு, "சித்த வழி உடுங்க, சித்த வழி உடுங்க" என்று கேட்டுக்கேட்டு, முன்னால் போய் நின்றேன். முன் வரிசைக்கு வலது பக்கம். எல்லோரும் என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. சட்டை நனைந்துவிட்டது.

ஆசிரியருக்குக் குரல் திரும்பியிருந்தது. பதினோராவது பாட்டு. யானை வருகிறது. தாளம் ஏறுகிறது. முன் வரிசையில் இருந்த எங்கள் பகுதிப் பெண்கள் அத்தனை பேர் உதடும் சேர்ந்து அசைந்தது. ஆசிரியர் பாடிய வரி அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

வரிசை மொத்தமும் வலது பக்கம் திரும்பியது. சாந்தாமணி நேராக என்னைப் பார்த்து முறைத்தாள். அடுத்த தட்டுக்குள் சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலை பிரகாஷ் போன் செய்தான். டிஸ்கிலிருந்து யானைப் பாட்டு முழுதாகக் கிடைத்துவிட்டதாம். எந்த ஃபார்மட்டில் வேண்டும் என்று கேட்டான். வாட்ஸப்பில் அனுப்பு என்றேன்.